பெயர் தெரியாத ஓர் ஆன்மாவுக்காக

மேச்சேரிச் சமவெளியில் கோடை முற்றும்போது, மேட்டூர் நீர்த்தேக்கம் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பழைய ஊர்களை வெளியே காட்டத் தொடங்கும். 1925ஆம் ஆண்டு தொடங்கி 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற அணை அது. அது எழுந்தபோது காவிரிக் கரையோரச் சிற்றூர்கள் பல நீருக்குள் போயின. குடிகள் மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்தனர். மாடு கன்றுகளையும் ஏர் கலப்பைகளையும் பண்டபாத்திரங்களையும் கொண்டு வந்தனர். ஆலயங்களையும் கல்லறைகளையும் மட்டும் அவர்களால் கொண்டுவர இயலவில்லை. நீர் நன்கு வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். மக்கள் குடும்பத்தோடு சென்று பார்த்துவிட்டு வருவார்கள்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் 120 அடி வரை நீர் தேக்கும் அணையில் நீர்மட்டம் 60 அடிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்நாள்களில் ஒரு மாலைப்பொழுது, முதியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நீர் விலகிய படுகையில் புல் முளைக்கும் இடங்களில் ஆடு மேய்ப்பவர். மேச்சேரி ஆடு என்று நாடறிந்த, கம்பளி இல்லாத செந்நிற ஆடுகள் இருபதோ முப்பதோ அவருக்கு உண்டு.

“சாமி, ஒரு பூசை வைக்கணுமுங்க” என்றார்.

திருப்பலிக் கருத்துகளை எழுதும் குறிப்பேட்டைத் திறந்தபடி, “யாருக்காக? பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டோம்.

“பேரு தெரியாதுங்க சாமி.”

“ஆணா, பெண்ணா?”

“அதுவுந் தெரியலீங்க.”

பிறகு தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னார். படுகையின் மேட்டுப்பகுதி ஒன்றில் கற்கள் வட்டமாகக் கிடந்திருக்கின்றன. நடுவே மண் அரித்துப்போய், உடைந்த பானையும் அதன் அருகே எலும்புச் சில்லுகளும் தெரிந்திருக்கின்றன. உடன் சென்ற பேரன், துருவேறிய நீண்ட இரும்புத் துண்டு ஒன்றைப் பிடுங்கி எடுத்து, மறுநாளே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். பெரியவர் எலும்புகளைத் திரும்பக் குழியில் இட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்திருக்கிறார். அன்று முதல் அவருக்கு உறக்கமில்லை.

நாம் குருமடத்தில் கற்ற கல்வி உடனே முன்வந்து நின்றது. “ஐயா, அது மிகப் பழைய காலத்துக் கல்லறையாக இருக்கும். ஆண்டவர் இயேசு பிறப்பதற்கு முன்பே வாழ்ந்து மடிந்தவர்கள் அவர்கள். நம் திருமறையை அறியாதவர்கள்” என்றோம்.

அவர் கையிலிருந்த பணத்தை மேசைமேல் வைத்தார். “எங்க பாட்டனைப் பொதைச்ச எடமும் அந்தத் தண்ணிக்குள்ளதானுங்க சாமி இருக்குது. என்னைக்காச்சும் ஒரு நாள் எவனாச்சும் அங்க ஆடு மேய்ச்சிக்கிட்டுப் போவான். எலும்பைப் பார்த்தா, அவன் எந்தச் சாமியைக் கும்புடறவனா இருந்தாலும் சரி, நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டுமுன்னுதானுங்க நான் நெனைக்கிறேன்.”

அவருக்கு அப்போது நம்மிடம் விடை இல்லை. குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதினோம். கருத்து என்ற கட்டத்தை வெற்றிடமாக விட்டோம். அவ்வெற்றிடமே இக்கட்டுரைக்குக் காரணம். நம் காலடியில் கிடக்கும், பெயரும் மொழியும் வழிபாடும் அறியப்படாத இறந்தோருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? பட்டிருக்கிறோம் என்றால் அக்கடன் யாது?

அவர்கள் யார்?

மேட்டூர் வட்டத்தில் மாங்காடு, தெலுங்கனூர் என்னும் ஊர்கள் இன்று வரலாற்றறிஞர் வாயில் அடிக்கடி அடிபடுகின்றன. அங்குள்ள பெருங்கற்காலக் கல்லறைகளில் இரும்பு வாள்கள் கிடைத்தன. கரிமம்-14 முறையில் ஆராய்ந்தபோது மாங்காட்டு வாளின் காலம் கி.மு. 1604க்கும் 1416க்கும் இடைப்பட்டது என்றும், தெலுங்கனூர் வாளின் காலம் கி.மு. 1435க்கும் 1233க்கும் இடைப்பட்டது என்றும் கணிக்கப்பட்டது. மோசே இஸ்ரயேல் மக்களை எகிப்தினின்று நடத்திச் சென்றதாக அறிஞர் பலரும் கருதும் காலம் கி.மு. 13ஆம் நூற்றாண்டு. அம்மக்கள் செங்கடலைக் கடக்கும் முன்னரே, நம் மேச்சேரிக்கு அருகே ஒருவர் இறந்து, அவரோடு ஒரு வாளும் மண்ணுக்குள் வைக்கப்பட்டுவிட்டது.

கரிமம்-14 என்பது உயிருள்ளவை அனைத்தும் தம்முள் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள். உயிர் நின்றதும் அது ஏறுவது நின்று, சிறுகச் சிறுகக் குறையத் தொடங்கும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சியிருப்பதை அளந்தால் எத்தனை காலம் கழிந்தது என்று கணக்கிடலாம். இரும்பை உருக்குகையில் கரியிலிருந்து கரிமம் அதனுள் ஏறுவதால், வாளுக்கும் இக்கணக்கு ஒருவகையில் பொருந்துகிறது. என்றோ வெட்டப்பட்ட ஒரு மரம், தன் உயிர் நின்ற காலத்தைத் தன் கரிக்குள் மறவாமல் வைத்திருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சேலத்தருகே உள்ள கஞ்சமலையின் இரும்புத் தாது பழம்பெருமை உடையது. மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் இன்றும் எஃகு ஆலையின் புகைபோக்கிகள் நிற்கின்றன. மண் வேறாகிவிடவில்லை, அதே மண்ணில் வேறு தலைமுறைகள் உழைக்கின்றன. பெருங்கற்காலத்தவர் கற்குவைகளையும் கல்வட்டங்களையும் அமைத்தனர். பலகைக் கற்களை நிறுத்திக் கற்பதுக்கைகள் செய்தனர். தாழிகளில் அடக்கம் செய்தனர். கறுப்பும் சிவப்புமான பானைகளில் உணவும் நீரும் வைத்தனர். இறந்தோரை எரித்தல், வெட்டவெளியில் இடுதல், குழியில் புதைத்தல், பதுக்கையில் வைத்தல், தாழியால் மூடுதல் என ஐவகை முறைகள் ஒரே சுடுகாட்டில் நிகழ்ந்ததை மணிமேகலை கூறுகிறது. புறநானூற்றில் ஒரு பெண், கணவனை இழந்து நிற்கும் வேளையில், குயவனைப் பார்த்துத் தாழியைச் சற்று அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். தானும் அதற்குள் இடம்பெற வேண்டும் என்பது அவள் விருப்பம். கல்வட்டங்களைக் கட்டியவர்கள் கண்ணீர் விடத் தெரிந்த மனிதர்கள் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் நம் ஊர் மக்கள் இக்கல்லறைகளை என்னவென்று அழைத்து வந்தனர்? ‘பாண்டவர் குழி’ என்பர் சிலர். ‘குள்ளர் வீடு’ என்பர் வேறு சிலர். பதுக்கையின் பக்கக் கல்லில் உள்ள சிறு துளையைப் பார்த்து, அதன் வழியே நுழைந்தவர்கள் குள்ளர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று கருதிவிட்டனர். ஒன்று அவர்கள் தேவரனைய வீரர். அன்றேல் விந்தையான குள்ளர். நம்மைப் போல் காய்ச்சல் வந்து, பிள்ளை பெற்று, பஞ்சத்தில் வாடி, இறந்த மனிதர் என்று மட்டும் எண்ணத் தோன்றவில்லை. அயலானை அயலானாகக் காணாதிருப்பதற்கு மனித மனம் தேடிக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

எடுத்தது யாருடையது?

பேரன் செய்ததைக் களவு என்று சொல்லலாமா? அவனைக் கேட்டால், “மண்ணுல கெடந்துது, எடுத்தேன்” என்பான். அவனைக் கடிந்துகொள்ளுமுன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மில் எத்தனை பேர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது தட்டுப்பட்ட தாழியை மண்வெட்டியால் உடைத்து, உள்ளே பொன் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறோம்? ஏரி மண் அள்ளும்போது கல்வட்டம் ஒன்று வண்டியில் ஏறிப் போவதைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறோம்?

நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு பழமையுடைய கலைப்பொருள்களையும் கைவினைப் பொருள்களையும் காப்பதற்கென்றே இயற்றப்பட்டது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி ஒன்றைச் செய்யாதிருப்பது வேறு. அது தகாது என்று உணர்ந்து செய்யாதிருப்பது வேறு. ஏழாம் கட்டளையின் பொருள் நாம் நினைப்பதைவிட ஆழமானது.

ஆபிரகாமை எண்ணிப் பாருங்கள். வாக்களிக்கப்பட்ட நாட்டில் ஒரு சாண் நிலமும் இல்லாமல் கூடாரங்களில் வாழ்ந்தவர் அவர். சாரா இறந்தபோது அவர் வாங்கிய முதல் நிலம் மக்பேலாக் குகை. ஒரு கல்லறைக்காக நானூறு செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். இலவசமாகவே எடுத்துக்கொள்ளுமாறு நிலத்துக்காரர் சொல்லியும் அவர் இசையவில்லை. இறந்தோர்க்கு உரிய இடம் ஐயத்துக்கு இடமின்றி அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் உள்ளக்கிடக்கை. யோசியா அரசரும் பெத்தேலில் பிற கல்லறைகளைத் திறந்தவர்தாம். ஆயினும் இறைவாக்கினர் ஒருவருடைய கல்லறை என்று அறிந்தவுடன், அவர் எலும்புகளை எவரும் அசைக்கலாகாது என்று கட்டளையிட்டதை அரசர் நூலில் வாசிக்கிறோம்.

இரும்புத் துண்டை எடுத்தவன் அந்த இறந்தவரிடமிருந்து மட்டும் எடுக்கவில்லை. கல்லறையில் கிடக்கும் வாள், எந்தப் பானைக்கு அருகே, எந்த எலும்புக்குப் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில், எந்தக் கரித்துண்டோடு கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. பெயர்த்தெடுத்த கணமே அவ்வரலாறு அழிந்துவிடும். மீந்திருப்பது பழைய இரும்பு மட்டுமே. பேரனுக்குக் கடையில் கிடைத்தது ஒருநாள் தேநீர்ச் செலவுக்குப் போதுமான தொகை. இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகள் தம் முன்னோரைப் பற்றி அறிந்திருக்கக்கூடிய ஒரு செய்தி அதோடு தராசில் ஏறி உலைக்குப் போயிற்று. இறந்தவரிடம் திருடுவோர் இன்னும் பிறக்காதவரிடமும் திருடுகின்றனர்.

அப்படியாயின் ஆய்வாளர் தோண்டுவது மட்டும் தகுமா என்று கேட்கலாம். நியாயமான வினா. அதற்கு விடை தோண்டும் கருவியில் இல்லை, தோண்டும் நோக்கத்திலும் முறையிலும் இருக்கிறது. மருத்துவரும் கத்தியால் கீறுகிறார். கள்வனும் கத்தியால் கீறுகிறான். அளந்து, வரைந்து, எழுதி, எலும்பை எலும்பாக அன்றி ஒருவருடைய எலும்பாகக் கையாள்பவர், இறந்தவர் பேச முடியாததைப் பேசுவதற்கு உதவுகிறார். அவ்வாறு கையாளாத ஆய்வு எதுவாயினும் அதுவும் இக்கட்டளைக்கு உட்பட்டதே.

இறந்தவர் மறுத்துரைக்க மாட்டார்

எட்டாம் கட்டளை பிறர்க்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்வதைத் தடுக்கிறது. இறந்தோர் பிறரல்லரோ? அவர்களைப் பற்றி எதைச் சொன்னாலும் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. ஆதலால்தான் அங்கே பொய் எளிதாகிறது.

தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திருத்தூதர் பவுல் தீத்துவை விட்டுச் சென்ற கிரேத்துத் தீவை நம் வாசகர் அறிவர். பவுல் கைதியாய் உரோமைக்குச் செல்லும்போது அவருடைய கப்பல் அத்தீவின் தென்கரையை ஒட்டியே சென்றதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அக்கரையில் மீர்த்தோஸ் என்னும் ஊருக்கு அருகே, கடலை நோக்கி நிற்கும் சிறு குன்று ஒன்றுண்டு. பூர்னூ கொரிபி என்று பெயர். பவுலின் கப்பல் அவ்வழியே போனபோதே அக்குன்றின்மேல் இருந்த குடியிருப்பு அழிந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கி.மு. 2200 அளவில் தீயில் எரிந்துபோன ஊர் அது. மினோவன் நாகரிகத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது.

1967, 1968ஆம் ஆண்டுகளில் பீட்டர் வாரன் என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கு அகழ்ந்தார். ஒன்றோடொன்று ஒட்டிய ஏறத்தாழத் தொண்ணூறு சிற்றறைகள் வெளிப்பட்டன. நெசவுக்குரிய எடைக்கற்களும், சேமிப்புச் சாடிகளும், கையில் குடம் ஏந்திய நீண்ட கழுத்துப் பெண்ணுருவம் ஒன்றும் கிடைத்தன. அறைகள் எல்லாம் சேர்ந்திருந்ததைக் கண்ட வாரன், ஊரார் அனைவரும் ஒரே பெருங்குடும்பம்போல் பொதுவாக வாழ்ந்திருக்க வேண்டும் என்று கருதினார். தொடக்கத் திருச்சபையில் அனைத்தும் பொதுவாய் இருந்ததை எண்ணும் நமக்கு இக்கருத்து இனிக்கத்தான் செய்யும். ஆனால் 1983இல் டாட் வைட்லா என்னும் அறிஞர் அதே சுவர்களையும் அதே பானைகளையும் மீண்டும் ஆராய்ந்தார். ஒவ்வொரு தொகுதி அறைக்கும் தனித்தனியே அடுப்படியும் சேமிப்பிடமும் இருப்பதைச் சுட்டி, அங்கு வாழ்ந்தவை ஐந்தாறு தனிக் குடும்பங்கள் என்றார். கற்கள் மாறவில்லை. கற்களைக் கண்ட கண் மாறிற்று.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. இறந்தோர் வாழ்வில் நாம் விரும்புவதையே பார்த்துவிடும் ஆபத்து, கற்றறிந்தோருக்கும் உண்டு. அவ்வாறிருக்க, மேடையில் பேசுவோருக்கும் கேட்டுக் கைதட்டுவோருக்கும் எவ்வளவு இருக்கும்!

அக்குன்றூர் எரிந்த காலத்தை ஒட்டியே நம் பக்கத்து மாவட்டத்தில் இரும்பு புழங்கியிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் மலைச்சரிவுக் குடியிருப்பில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டு மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு சனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த சான்றுகள் கி.மு. 3345 வரை செல்வதாக அறிக்கை வெளிவந்தது. இவற்றை அறிஞர் உலகம் இன்னும் உரைத்துப் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். தமிழ் மண்ணின் பழமையைக் கேட்டு நம் உள்ளமும் விம்முகிறது. அதில் தவறில்லை. தந்தையையும் தாயையும் போற்றச் சொல்லும் நான்காம் கட்டளை, பாட்டன் பூட்டன்மாரை விலக்கிவைக்கவில்லை.

ஆனால் பெருமை எந்த இடத்தில் பொய்ச்சான்றாக மாறுகிறது? இறந்தவரை நம் வழக்குக்குச் சாட்சியாக இழுத்து வரும்போது. அந்த வாள் நமக்குப் பகைவராகத் தோன்றும் எவரையும் தோற்கடிப்பதற்காகக் கல்லறையில் வைக்கப்படவில்லை. யாரோ ஒரு தாய், யாரோ ஒரு மகன், போனவர் வெறுங்கையோடு போகலாகாது என்று வைத்தது அது. ஓர் இனத்தின் மாண்பு அதன் இரும்பின் வயதைப் பொறுத்தது என்றால், பழம்பொருள் ஏதும் கிடைக்காத இனத்தார் மாண்பற்றவர் ஆகிவிடுவர். மனிதர் மாண்பு இறைச்சாயலைப் பொறுத்தது என்பதே நம் நம்பிக்கை. பத்தாயிரம் ஆண்டுப் பழமையும் அதைக் கூட்டாது. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் அது குறையாது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்தவரும் தூயவர்கள் அல்லர். பெரிய கல்வட்டமும் வாளும் எல்லாருக்கும் கிடைத்திருக்க முடியாது. கல் சுமந்தவருக்குக் கல்லறை இருந்ததோ என்னவோ! எனினும் மூவாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னர், மண்ணில் கிடக்கும் எலும்பைக் கண்டு அது உயர்ந்தவருடையதா தாழ்ந்தவருடையதா என்று எவர் சொல்வார்? நம் தமிழகக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கென்று சுவர் எழுப்பி, ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களைச் செத்த பின்பும் பிரித்து வைத்திருக்கிறோம். அச்சுவரும் ஒரு பொய்ச்சான்றே. நம்மைத் தோண்டிப் பார்க்கப் போகும் வருங்காலத்தார், ஒரே சிலுவையை இருபுறமும் நட்டுவிட்டு நடுவே எதற்குச் சுவர் வைத்தார்கள் என்று வியந்து நிற்பார்கள்.

பலிபீடத்தில் ஓர் இடம்

திருடாதிருப்பதும் பொய் சொல்லாதிருப்பதும் கடனின் பாதி. பெரியவர் கேட்டது மறுபாதியை. அவருக்காக மன்றாடலாமா?

புனித அகுஸ்தீனார் தம் முதிய வயதில், இறந்தோர் மட்டில் நாம் கொள்ளவேண்டிய அக்கறை பற்றித் தனி நூலே எழுதினார். நோலா நகர் ஆயர் பவுலினுஸ் விடுத்த வினாவுக்கு விடை அது. சிறந்த அடக்கமும் சீரிய கல்லறையும் இறந்தோருக்கு உதவுவதைவிட உயிரோடிருப்போருக்கே ஆறுதல் என்பது அவர் கருத்து. ஆயினும் தந்தையின் மோதிரத்தையும் ஆடையையும் நாம் பேணுவோமாயின், அவர் அணிந்திருந்த உடலை இகழ்வது எங்ஙனம் என்று எண்ணச் செய்கிறார். இறந்தோர்க்கு உண்மையில் உதவுவது பலியும் செபமும் அறமுமே என்கிறார்.

இதை அவர் கற்றது தம் தாயிடம். கி.பி. 387இல் ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா அம்மையார் இறக்கும் தறுவாயில் இருந்தார். கணவருக்கு அருகே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் விரும்பியவர், கடைசியில் அவ்விருப்பத்தையும் விட்டார். உடலை எங்கேனும் வைத்துவிடுங்கள், ஆண்டவருடைய பலிபீடத்தில் மட்டும் என்னை நினைவுகூருங்கள் என்பதே அவர் கேட்டது. 1945ஆம் ஆண்டில் ஓஸ்தியாவில் கோவிலருகே சிறுவர் இருவர் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, எழுத்துப் பொறித்த பளிங்குத் துண்டு ஒன்று வெளிப்பட்டது. அது மோனிக்காவின் கல்லறை வாசகத்தின் ஒரு பகுதி. சிறுவர் கையில் கிடைத்தது காக்கப்பட்டது, உலகமே அறிந்தது. நம் பேரன் கையில் கிடைத்தது உலைக்குப் போயிற்று. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பிள்ளைகளின் குணத்தில் இல்லை. அவர்களுக்கு நாம் கற்பித்ததிலும் கற்பிக்காததிலும் இருக்கிறது.

ஆனால் மோனிக்கா கிறிஸ்தவர். பெயர் தெரியாத அந்த மனிதர்?

நாம் வெட்கத்தோடு திருச்சபைச் சட்ட நூலைத் திறந்தோம். 1983ஆம் ஆண்டின் அச்சட்டத் தொகுப்பின் 901ஆம் எண், உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் அருள்பணியாளர் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. எவருக்காகவும்! அச்சொல்லுக்கு எல்லைக்கல் நடப்படவில்லை. இத்தனை ஆண்டுப் பணிக்காலத்தில் பலமுறை கண்பட்டிருந்தும் கருத்தில் பதியாத சொல்லை, ஆடு மேய்ப்பவர் ஒருவர் வந்து நமக்குப் படித்துக் காட்டினார்.

மேலும் எண்ணும்போது ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. யூதா மக்கபே போரில் மடிந்தோருக்காக ஈராயிரம் வெள்ளிக்காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார். அவர்கள் ஆடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருந்ததை அறிந்தும் அனுப்பினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தில், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்றின் வழி நடந்தோர் மீட்புப் பெறக்கூடும் என்று போதித்தது. நாம் ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடும் நம்பிக்கையில், ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று சொல்கிறோம். யாரைத் தேடி இறங்கினார்? தமக்கு முன் இறந்தோரைத் தேடித்தானே! பெரிய சனியன்று ஆலயம் வெறுமையாய் இருக்கிறது. நற்கருணைப் பேழை திறந்து கிடக்கிறது. ஆண்டவர் கல்லறைகளுக்குள் இருக்கிறார். கீழ்த்திசைத் திருச்சபையின் ஓவியங்கள், அவர் ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பற்றி மேலே தூக்குவதாகக் காட்டுகின்றன. அந்த இறக்கத்தில் அவர் காவிரிக்கரையை மட்டும் கடந்து போயிருப்பாரோ?

இப்படிச் சொல்வதால் அனைவரும் உறுதியாய் மீட்புப் பெற்றனர் என்று தீர்ப்பெழுத நாம் துணியவில்லை. அத்தீர்ப்பு நம் கையில் இல்லை. மன்றாடுவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கல்லறையில் உணவுப் பானை வைத்தவர்கள், இறப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்று எப்படியோ உணர்ந்திருந்தனர். எங்கே போகிறார் என்று தெரியாமலே வழிச்சோறு கட்டிக் கொடுத்தனர். நாமோ வழியையும் போய்ச் சேரும் இடத்தையும் அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். அறிந்த நாம், அறியாமலே அன்பு செய்தவர்களைவிடக் கஞ்சத்தனமாக இருக்கலாமா?

பெரியவரை அழைத்து, அவ்விடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுமாறு சொன்னோம். அவரும் சொல்லி வைத்தார். ஆனால் அவ்வாண்டு காவிரியில் வெள்ளம் விரைந்து வந்தது. சூலை மாத இறுதியில் அணை 120 அடியை எட்டி நிரம்பிற்று. கல்வட்டமும் அவர் தள்ளி மூடிய மண்ணும் பழைய ஆலயமும் அவருடைய பாட்டனார் கல்லறையும் ஒரே நீருக்கடியில் மீண்டும் மறைந்தன.

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று, பெயர்ப்பட்டியலை வாசித்து முடித்த பின், “பெயர் இறைவனுக்கு மட்டுமே தெரிந்த, நம் மண்ணில் உறங்கும் ஓர் ஆன்மாவுக்காக” என்று வாசித்தோம். குறிப்பேட்டின் வெற்றிடத்தில் எழுதியதும் அதுவே. திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்துக்கொண்டு வரும்போது, கடைசி வரிசையில், பெயர்ப்பலகை சாய்ந்துபோன பழைய குழி ஒன்றன் அருகே பெரியவரின் பேரன் நின்றிருந்தான். உறவினர் எவரும் வராத குழி அது. கையில் ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தான். காற்றுக்கு அணைந்து அணைந்து போக, மீண்டும் மீண்டும் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“யார் குழியப்பா இது?” என்று கேட்டோம்.

“தெரியலீங்க சாமி” என்றான்.

நாம் அங்கே சற்றுக் கூடுதலாகவே தீர்த்தம் தெளித்தோம்.